ஐம்பத்து நான்கு

காலை ஆறு மணிக்கு, கிருமிநாசினி நெடி இன்னும் விடாத அந்தப் படுக்கையறையின் மூலையில், யாரும் ஏறாத எடைக் கருவி தானாக விழித்து, கண்ணாடித் தட்டின் மேல் பச்சையாக ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பதை அவன் கட்டிலில் கிடந்தபடியே பார்த்தான்.

ஐம்பத்து நான்கு.

அவன் மனைவியின் எடை. இதய வால்வு மாற்றி வீட்டுக்கு வந்த நாளில் இருந்த எடை.

அன்று நர்ஸ் எடை குறிக்க ஓர் அட்டையைக் கொடுத்துச் சொன்னாள். "உடம்புல நீர் கோத்தா, மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே எடை காட்டிக்கொடுத்துடும், சார். தினமும் எழுந்ததும் பாருங்க. ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே போன் பண்ணுங்க."

பத்து நாள் தவறவில்லை. பதினோராம் நாள் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "நேத்து எவ்வளவோ அதையே எழுதிக்கோயேன்ப்பா. குடியா முழுகிடும்?"

எழுதினான். மறுநாளும். அதற்கு மறுநாளும். மூன்று ஐம்பத்து நான்குகள், ஒரே சாய்வில்.

மூன்றாம் நாள் அவள் காலை நீட்டிக் காட்டினாள். "பாரேன், செருப்பு சுருங்கிடுச்சு." இருவரும் சிரித்தார்கள். மாலைக்குள் நுரையீரலில் நீர் ஏறி, கட்டிலில் உட்கார்ந்தபடியே மூழ்கிப்போனாள்.

இருபது நாளாகிறது.

"அத்தை, எடை மெஷின் எரியுது."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுல ஏது மாப்பிள்ளை பேட்டரி? அன்னைக்கே கழட்டிக் கடிகாரத்துல போட்டுட்டேனே. பேசாம படுங்க."

மறுநாள் ஆறு மணிக்கு ஐம்பத்தாறு.

அதற்கடுத்த நாள், மூலையிலிருந்து ஒரு சத்தம். உறிஞ்சுகுழாயில் கடைசிச் சொட்டை இழுப்பதுபோல். இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

ஐம்பத்தெட்டு.

விரல் தானாக போனில் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தியது.

"சிஸ்டர், ரெண்டு நாள்ல நாலு கிலோ ஏறிடுச்சு."

"யாருக்கு சார்?"

அவன் மூலையைத் திரும்பிப் பார்த்தான்.

"சார்? பேஷன்ட் யாரு?"

எடைத் தட்டின் மேல் அவள் செருப்பு. நேற்று அது கட்டிலடியில் இருந்தது.

வெறும் செருப்பு.

வார்கள் மெல்ல விம்மின. இறுகின. பளபளத்தன.

ஐம்பத்தொன்பது.

ஒரு தையல் தெறித்தது.