ஏழு கல்லும் தூக்குவாளியும்

"இந்த வருஷமாச்சும் அழாம போய்ட்டு வா, அழுமூஞ்சி!"

கார்கள் நிற்கும் இடத்தில் எல்லார் காதிலும் விழும்படி கத்திவிட்டு, அதியன் தன் அப்பா அம்மாவோடு பள்ளத்தாக்குக்குள் ஓடினான். குயிலிக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வாயா இல்லை? ஆனால் அவன் சொன்னது பொய் இல்லையே, எப்படித் திருப்பிக் கொடுப்பது!

அரிசோனாவின் அந்தப் பாலைவன ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் கடைசி விடுமுறையில் செம்பாறைப் பள்ளத்தாக்கில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி ஒளிந்திருக்கும். போன வருஷம் ஜெயித்தவர்கள் அதை ஒளித்துவைத்து, வரைபடம் வரைந்து தருவார்கள். கண்டுபிடிப்பவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பொருளை உள்ளே போட வேண்டும். போன வருஷம் குயிலி வீட்டார் வாளிக்குப் பத்தடி தூரம் வரை போய்விட்டார்கள். பாறை இடுக்குக்குள் தலையை விட்டதும் குயிலிக்கு மூச்சு முட்டியது. ஓவென்று அழுதாள். அவ்வளவுதான், வெறுங்கையோடு திரும்பினார்கள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இந்த முறை களத்தில் இரண்டே குடும்பம். மற்றவர்கள் வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மணிமாறன் வரைபடமும் கையுமாக முன்னால் நடந்தார். புளியோதரை மூட்டையோடு அம்மா அவர் பின்னால். மதுரையிலிருந்து வந்திருந்த செல்லப்பாண்டி மாமாவும் குயிலியும் கடைசி. மாமா டவுன்பஸ் கண்டக்டர், வாய் ஓயாது.

வெயில் இருந்தது, சூடு இல்லை. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைச் சுவர். வழியெல்லாம் கிளைகள், எல்லாம் ஒரே ஜாடை. எந்தக் கிளை சரியான வழி என்று காட்ட, அங்கங்கே தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

மாமா முதல் அடுக்கை எண்ணினார்.

"அடியே குயிலி, ஏழு கல்லுடி! நாங்க தெருவுல பந்தடிச்சுச் சாய்ப்போமே, அதே ஆட்டம்! எடு பந்தை!"

மத்தியானம் விளையாடக் கொண்டுவந்த டென்னிஸ் பந்து பையில் இருந்தது. விட்டார் ஒரு வீச்சு! சடசடவென்று ஏழும் சரிந்தன. அடுத்த கிளையில் இருந்ததைக் குயிலி சாய்த்தாள். மூன்றாவதை மாமா தெறிக்கவிட்டார். பந்து எகிறித் திரும்பி, அவர்கள் வந்த வழியின் பாறைச் சுவரில் உயரத்தில் ஒரு முட்புதரில் மாட்டிக்கொண்டது. "போனாப் போகுது விடு" என்று சிரித்துக்கொண்டே அப்பாவைப் பிடிக்க ஓடினார்கள்.

தேடு தேடென்று தேடி, மதியத்துக்கு மேல் கண்டுபிடித்தார்கள்: ஆளுயர இடுக்கு ஒன்று. அப்பாவின் தோள் நுழையவில்லை. மாமா வயிற்றை எக்கிப் பார்த்தார். தீபாவளிப் பலகாரம் இடம் கொடுக்கவில்லை.

"வேணாம்டா தங்கம், போயிடலாம்" என்றாள் அம்மா, குயிலியின் முகத்தைப் பார்த்து.

"நான் போறேம்மா."

பக்கவாட்டில் நுழைந்தாள். முன்னால் பாறை, முதுகில் பாறை. நாலாவது அடியில் மூச்சு முட்டியது, போன வருஷம் போலவே! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மாமா! ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க!"

கேட்க வேண்டுமா! "மாட்டுத்தாவணி, கே.கே.நகர், கோரிப்பாளையம், சிம்மக்கல்! உள்ள போ உள்ள போ, படியில நிக்காத!" என்று மாமா கூவினார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓரடி. "பெரியார் வந்துருச்சு, எறங்கு எறங்கு!" என்றபோது அவள் விரலில் குளிர்ந்த எவர்சில்வர் தட்டுப்பட்டது!

அவள் வாளியோடு வெளியே வந்ததும் மாமா போட்ட ஆட்டத்தில் பள்ளத்தாக்கே அதிர்ந்தது.

திரும்பும்போது மணி நாலரை. கிளைகள் பிரியும் இடத்தில் அப்பா நின்றுவிட்டார்.

"இங்க ஒரு கல்லடுக்கு இருந்துச்சே, எங்க?"

மூன்று கிளை. பாறைத்தரை, காலடி பதியாது. சுற்றிலும் கல்லோ கல். போனில் டவர் இல்லை. மாமா வானத்தைப் பார்த்தார்.

"நாங்கதான்ப்பா சாய்ச்சோம். விளையாட்டுக்கு" என்றாள் குயிலி.

"விளையாட்டுக்கா? பொழுது சாஞ்சா இந்தக் குளிர்ல விறைச்சுப் போயிடுவோம், தெரியுமா?" என்று கத்தினார் அப்பா.

குயிலி தலையைத் தூக்கினாள். இடது கிளையின் பாறைச் சுவரில், முட்புதருக்குள் மஞ்சளாக ஒன்று.

"அதோ, நம்ம பந்து! இந்த வழிதான்!"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஓடுங்க, ஓடுங்க!" என்றாள். குயிலி மட்டும் அசையவில்லை.

"அதியன் வீட்டுக்காரங்க இன்னும் உள்ளதான் இருக்காங்கம்மா. அடுக்கு நின்னப்ப பாத்துட்டுப் போனவங்க. அதை நம்பித்தானே திரும்பி வருவாங்க?"

அப்பா உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. சூரியனைப் பார்த்தார்.

"சாய்ச்சவன்தான் அடுக்கணும் மாப்பிள்ளை. ஆட்டத்தோட சட்டமே அதான்" என்று மாமா உட்கார்ந்து கல் பொறுக்கினார். நாலு பேரும் அடுக்கினார்கள். மாமா தோளில் ஏறிக் குயிலி பந்தைப் பறித்தாள். மற்ற இரண்டு இடத்திலும் அவ்வளவு பாடு இல்லை. வெளியே எரிந்த அடுப்பின் புகை வழி காட்டியது. மூன்று அடுக்கும் நின்ற பிறகே வெளியே வந்தார்கள்.

ஆரவாரம்! கைதட்டல்! ஆனால் குயிலி வாளியைக்கூடத் திறக்காமல் பள்ளத்தாக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வெளிச்சத்தில் மூன்று பேர் வந்தார்கள்.

"அந்தக் கல்லுங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்குத் தொலைஞ்சிருப்போம்" என்றார் அதியனின் அப்பா.

"அதைச் சாய்ச்சதும் நாங்கதான் அங்கிள். அப்புறம்தான் அடுக்கினோம். மன்னிச்சிடுங்க."

அவர் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். அதியன் வாளியையே வெறித்துப் பார்த்தான்.

"நீயா உள்ள போய் எடுத்த?"

"நான்தான்."

"அழல?"

"அழுதேன். அழுதுக்கிட்டே போனேன்."

குயிலி வாளியின் மூடியைத் திறந்து, டென்னிஸ் பந்தை உள்ளே போட்டாள்.