விசில் வந்த திசை

12.2.1981, வியாழன். நேற்று மாலை கய்யூம் பாயின் ரேடியோவில் மீடியம் வேவ் கேட்டபோது நடுவில் ஒரு விசில் வந்தது. குறிப்பில் ‘நிலையத்தின் கோளாறு’ என்று எழுதிவிட்டேன். யோசிக்காமல் எழுதியது. நிலையத்தின் கோளாறு என்றால் விசில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது மெல்ல நகர்ந்துகொண்டே போனது. இன்று பாயிடம் சொல்லித் திருத்த வேண்டும்.

தீர்த்தகிரி எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, ‘யோசிக்காமல்’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டான். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுவதற்காகப் பக்கத்து ஊர் மாலை வகுப்புக்குப் போகிறவன் அவன். தினமும் பொழுது சாயும் நேரத்தில் கிளம்பி, சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்புவான். நேற்றும் இன்றும் வாத்தியார் போளூருக்குப் போய்விட்டதால் வகுப்பு இல்லை. வீட்டில் சொல்லாமல் கய்யூம் பாயின் அறைக்கு வந்துவிட்டான்.

அப்துல் கய்யூம் வாணியம்பாடிக்காரர். போலீஸ் ஒயர்லெஸ் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்தால் கையடக்க ரேடியோ ஒன்றையும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்கு ஏறிவிடுவார். கீழே தோல் பதனிடும் ஷெட்டு மோட்டார்களும் மின்கம்பிகளும் ரேடியோவைக் கரகரக்க வைத்துவிடும். மலைமேல் அவர் தங்கும் கடுக்காமரத்தூருக்கு இன்னும் கரண்டு வரவில்லை. பொழுது இறங்கிவிட்டால் கடலுக்கு அப்பாலிருந்து வரும் நிலையங்கள்கூடத் துல்லியமாகக் கேட்கும். எது, எப்போது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று தீர்த்தகிரி எழுதுவான். அதை அந்தந்த நிலையத்துக்குத் தபாலில் அனுப்பினால், ‘கேட்டது சரிதான்’ என்று வண்ண அட்டை வரும். “மலைக்குத் தேனெடுக்க வருவாங்க, கடுக்கா பொறுக்க வருவாங்க. சத்தம் பொறுக்க வந்த மொத ஆளு பாய்தான்” என்று ஊரில் சிரிப்பார்கள்.

பாயிடம் விசிலைப் பற்றி அவன் ஆரம்பிக்கும் முன்பே வாசலில் நிழல் விழுந்தது. மாதம்மாள் நின்றிருந்தாள். ஊர் மன்றத்தைப் பெருக்கித் தண்ணீர் வைக்கிற வேலை அவளுடையது.

தீர்த்தகிரிக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

“தம்பியும் இங்கதான் கீறாரா? நல்லதாப் போச்சி. அவரு எதிர்லயே சொல்றேன்” என்றாள் அவள். “பாய், மன்றத்து ரேடியோ போன வெள்ளிக்கெழம காணாமப் போச்சி. கூட வேற டப்பாவுல இருந்த காதுல சொருவற ஒயரும் போச்சி. பூட்டு ஒடயல. நான்தான் எடுத்தேன்னு தம்பி கூட்டத்துல எழுந்து நின்னு, ஒண்ணு, ரெண்டுன்னு வெரல மடக்கிச் சொன்னாரு. நாளைக்குக் காலையில மறுகூட்டம். அதுக்குள்ள ரேடியோ வரலன்னா குடிசையக் காலி பண்ணணுமாம். மன்றத்து எடத்துல கீற குடிசை. புள்ளய இட்டுக்கினு நான் எங்க போவேன்?”

விரல் மடக்கியது உண்மைதான். சாவி இவளிடம் இருக்கிறது, கடைசியாகப் பூட்டியவள் இவள், குடிசை மன்றத்துக்கு அருகில் இருக்கிறது. அவன் காரணங்களை ஒழுங்காக அடுக்கியபோது கூட்டமே நிசப்தமாகக் கேட்டது. அது அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது.

கய்யூம் பாய் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். “சாவி எத்தன?”

“ரெண்டுங்க. ஒண்ணு என் இடுப்புல. ஒண்ணு நாட்டார் வூட்டு ஆணியில.”

“எங்க வூட்டு சாவிய நைனா யாருக்கும் குடுக்க மாட்டாரு” என்றான் தீர்த்தகிரி, சற்று வேகமாக. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் கோபால்சாமி நாட்டார் அவனுடைய அப்பா.

“நாட்டார் கூட்டத்துல இன்னா சொன்னாரு?” என்று பாய் மாதம்மாளைக் கேட்டார்.

“எங்க சொன்னாரு? தலையாட்னாரு. தம்பி ‘அக்காதான் எடுத்திருக்கணும்’னாரு, ஒரு ஆட்டு. நான் ‘எடுக்கலீங்க, என் புள்ள மேல ஆணை’ன்னு அழுதேன், அதுக்கும் ஒரு ஆட்டு. கூட்டத்துல ஒக்காந்திருந்த தாண்டவராயன் ‘அப்ப குடிசையக் காலி பண்ணச் சொல்லிடலாமா’ன்னாரு, அதுக்கும் ஆட்டு.”

“எல்லாம் ஒரே மாதிரியா?”

“ஒரே மாதிரிதாங்க. பூம்பூம் மாடாட்டம்.”

தீர்த்தகிரிக்கு முகம் சிவந்தது. “அக்கா, நைனாவப் பத்திப் பாத்துப் பேசு. அவரு அதிகம் பேசமாட்டாரு. யோசிச்சித்தான் முடிவெடுப்பாரு.”

“நீ யோசிச்ச அழகத்தான் பாத்தனே” என்றாள் மாதம்மாள்.

பாய் சிரிக்கவில்லை. வெளியே புளியமரத்தின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் ரேடியோவை மேசைமேல் வைத்துத் திருகினார். கொழும்பு மெதுவாக வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். விசில் வந்தது. ஊதுகிற ஒருவனுக்கு மூச்சு இறங்குவதுபோல மேலிருந்து கீழாக வழுக்கி, ஓரிடத்தில் நின்றது.

“இன்னைக்கும் வந்துச்சி” என்றான் தீர்த்தகிரி. “பாய், நேத்து நான் தப்பா எழுதிட்டேன். இது நிலையத்தோட கோளாறு இல்ல. நகருது.”

“சரியாச் சொன்ன. அப்ப இது எங்கேருந்து வருது?”

“தெரியல பாய். ஊர்ல கரண்டு இல்ல, மோட்டார் இல்ல…”

“ரேடியோ கேக்கறதோட நிக்காது, தம்பி. உள்ளுக்குள்ள தானும் ஒரு சின்ன அலைய உண்டுபண்ணும். அது கொஞ்சம் வெளியே கசியும். பக்கத்துல இன்னொரு ரேடியோ இருந்து, அதோட அலைக்கு நேரா நம்ம முள்ளு வந்துச்சின்னா விசிலடிக்கும். அந்தப் பக்கம் ஆளு முள்ளத் திருப்பத் திருப்ப இந்தப் பக்கம் விசில் நகரும். இப்ப நின்னுடுச்சி. அவருக்கு வேண்டியது கெடச்சிடுச்சின்னு அர்த்தம்.”

தீர்த்தகிரி எழுந்தே நின்றுவிட்டான். ஊரில் இருந்த ரேடியோக்கள் இரண்டே. ஒன்று இந்த மேசைமேல் இருக்கிறது. “அப்போ மன்றத்து ரேடியோ இப்போ, இந்த நேரம், பக்கத்துலயே ஓடிட்டிருக்குது! ஆனா பாட்டுச் சத்தமே கேக்கலியே?”

“காதுல சொருவற ஒயரும் காணோம்னு இந்தம்மா சொன்னாங்களே.”

பாய் ரேடியோவை மேசைமேல் மெல்லச் சுழற்றினார். “மீடியம் வேவுக்கு இந்தப் பொட்டிக்குள்ள படுக்க வாக்குல ஒரு கருங்கம்பு ஏரியலா இருக்குது. கம்போட முனை அலை வர்ற திசையப் பாத்தா சத்தம் அடங்கிடும்.”

விசில் மெலிந்தது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பியதும் அறவே நின்றது. தீர்த்தகிரி ரேடியோவின் முனை காட்டிய வழியே சன்னலைப் பார்த்தான். நேர் எதிரே மாதம்மாளின் குடிசை.

“பாத்தீங்களா பாய்! மாதக்கா குடிசை! நான் சொன்னது…”

மாதம்மாள் முந்தானையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கம்புக்கு ரெண்டு முனை, தம்பி” என்றார் பாய்.

தீர்த்தகிரி மற்ற முனையின் பக்கம் திரும்பினான். அங்கே சுவர்தான் இருந்தது. சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நினைத்துப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது.

“இன்னொரு எடத்துலேர்ந்து பாத்தாத்தான் ஒண்ணு நிக்கும், ஒண்ணு விழும். வா, புளியமரத்தாண்ட போலாம். அம்மா, நீங்களும் வாங்க.”

மரத்தடியில் பாய் ரேடியோவை அவன் கையிலேயே கொடுத்தார். விசில் முன்னைவிடப் பலமாக இருந்தது. அவன் மெல்லத் திருப்பினான். அது அடங்கிய இடத்தில், பாய் சொன்னபடி, முனைக்கு நேராக மண்ணில் குச்சியால் கோடு கிழித்தான். தன் கையே பிசகியிருக்கும் என்று சந்தேகப்பட்டு மறுபடி திருப்பி, மறுபடி கிழித்தான். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்தது. அதன் ஒரு முனை வெறும் சாமைக் கொல்லையைப் பார்த்தது. மாதம்மாளின் குடிசை கோட்டைவிட்டு வெகுவாக விலகி நின்றது. மறுமுனை போன இடத்தில் அவன் அன்று மாலை செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிய வாசற்படி இருந்தது.

“பாய்” என்றான்.

“நீயே கிழிச்ச கோடு” என்றார் அவர் அமைதியாக. “நான் கிழிச்சிருந்தா நீ நம்பமாட்ட.”

வாசலில் அவன் அம்மா பச்சையம்மா நின்றாள். அவள் குரல் போளூர் ரயிலுக்குக் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். “இன்னாடா, வகுப்பு இல்லியா?” என்று கத்தினாள். பின்னால் பாயையும் மாதம்மாளையும் பார்த்ததும் அந்தக் குரல் அப்படியே இறங்கிப்போனது. “அவரு தூங்கறாரு பாய். காலையில வாங்க.”

“நீங்க இவ்ளோ சத்தமாப் பேசியும் எழுந்திருக்கலியேம்மா” என்றார் பாய்.

அவள் கண் கலங்கியது. வழிவிட்டாள்.

உள்ளறையில் நாட்டார் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே லாந்தர், மடியில் மன்றத்து ரேடியோ, இடக்காதில் ஒயர். தலை தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. நான்கு பேர் உள்ளே வந்த அரவம் அவருக்குத் தெரியவில்லை. சுவரில் நிழல்கள் விழுந்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கூத்துப் பாட்டு மத்தளத்தோடு அறை முழுவதும் அதிர்ந்தது. சத்தத் திருகு முழுக்கத் திருப்பியிருந்தது. தீர்த்தகிரி பாய்ந்து அணைத்தான்.

பாய் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். நாட்டாரின் முகத்தைப் பார்த்து, உதடுகள் தெரியும்படி நிதானமாகப் பேசினார்.

“ஐயா, ரேடியோவத் திருடி விக்கிறவன் காதுல சொருவற ஒயரத் தேடி எடுக்கமாட்டான். எடுத்தவருக்கு அதுதான் வேணும். பூட்டு ஒடயல. சாவி ரெண்டு எடத்துல இருக்குது. அதுல ஒரு எடத்த மட்டும் எல்லாரும் சந்தேகப்பட்டாங்க. விசில், தம்பி வகுப்புக்குப் போற நேரத்துல மட்டும் வருது. இதெல்லாம் பிறகு. மொதல்ல எனக்குத் தோணுனது அந்தத் தலையாட்டல்தான். ‘எடுத்தா’ன்னதுக்கும் ‘எடுக்கல’ன்னதுக்கும் ஒரே ஆட்டு ஆட்டறவரு யோசிக்கறவரு இல்ல. அவருக்குக் காது கேக்கல.”

பச்சையம்மா கணவனின் இடக்காதருகே குனிந்து, அத்தனையையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள். தீர்த்தகிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கத்துகிறாள் என்று எத்தனை முறை சலித்திருக்கிறான். நைனா பதில் சொல்லாததைக் கம்பீரம் என்று நண்பர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறான். விசில் நகர்ந்ததைக் கவனித்தவனுக்கு ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியவில்லை.

“மூணு வருஷமாக் கூத்துல வாயி அசையறதத்தான் பாத்துக்கினு இருந்தேன்” என்றார் நாட்டார். குரல் தேவைக்கு மேல் ஓங்கியும் தேவையில்லாத இடத்தில் தேய்ந்தும் வந்தது. “மன்றத்துல ஒருநா சும்மா அந்த ஒயர வெச்சிப் பாத்தேன். பாட்டு கேட்டுச்சி. ரெண்டு நாள்ல வெச்சிடலாம்னு கொண்டாந்தேன். அதுக்குள்ள கூட்டம்னாங்க. யாரோ மன்றத்து ஓடு மாத்தணும்னு பேசறாங்கன்னு நெனச்சேன்.”

“அப்போ நான் அழுதது?” என்றாள் மாதம்மாள்.

பச்சையம்மா அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்து, முடியாமல் நின்றாள்.

தீர்த்தகிரிதான் குனிந்தான். அப்பாவின் காதருகே அவன் இவ்வளவு நெருக்கத்தில் வாயை வைத்ததே இல்லை. “நைனா! நான் மாதக்காவத் திருடின்னு சொன்னேன்! நீ தலையாட்டுன! குடிசையக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க!”

கிழவரின் முகம் மெல்ல மாறியது. கூட்டம் முடிந்த பிறகு இவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் ரேடியோவோடு காதும் வெளியே வரும் என்று விழுங்கிவிட்டாள்.

“காது போனவன் தீர்ப்புச் சொல்லக்கூடாதும்பாங்க. அது பயம்” என்றார் நாட்டார். பிறகு, “ரேடியோவ இப்பவே மன்றத்துல வெச்சிட்டு வந்துடறேன். காலையில கெடச்சிடுச்சின்னு சொல்லிடலாம். யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

ஒரு கணம் தீர்த்தகிரிக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதை மாதம்மாள் அவன் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

“ரேடியோ தானா நடந்து வந்துச்சின்னு ஊரு நம்புமா தம்பி? மாதம்மா பயந்துகினு திருப்பி வெச்சிட்டான்னுதான் சொல்லும். குடிசை மிஞ்சும். திருடிங்கற பேரும் மிஞ்சும். என் புள்ளய நாளைக்கு யாரு கட்டுவாங்க?” அவள் நாட்டாரைப் பார்த்தாள். “காது கேக்கலன்னு ஒரு ஜாடை காட்டியிருந்தா நான் கிட்ட வந்து சொல்லியிருப்பேனே. அதுல இன்னா கொறஞ்சிருக்கும்?” பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

பாயும் எழுந்தார். தீர்த்தகிரி வாசல்வரை பின்னால் வந்தான். “பாய், நாளைக்குக் கூட்டத்துல நீங்க சொல்றீங்களா? நீங்க சொன்னா வெளக்கமா இருக்கும்.”

“ரேடியோ எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும்” என்றார் கய்யூம். “வெரல மடக்குனது நீ.”

அவன் உள்ளே வந்து விளக்கருகே உட்கார்ந்தான். அப்பா ரேடியோவைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘என் கணக்கில் சாவி ஒன்றுதான் இருந்தது’ என்று எழுதினான். அது சாக்குப்போல இருந்தது. அடித்துவிட்டு, ‘இரண்டாவது சாவி இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஆணி என்பதால் எண்ணவில்லை’ என்று எழுதினான். பிறகு கீழே எழுதியது இது:

நாளை காலை செய்ய வேண்டியது. ரேடியோவை மூடாமல் எல்லாரும் பார்க்கக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவது. நைனாவின் இடப்பக்கம் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் உரக்கத் திருப்பிச் சொல்வது. அதற்கு முன்னால், நைனா பேசும்வரை காத்திருக்காமல், எழுந்து நின்று, மாதக்கா எடுக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்வது.