ஓசோன் அறையில் ஒரு வில்லன்

"ஐயோ... என்னங்க!"

காலை நேரத்தில் வெடித்த அந்த அலறலில், எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து ஈரச் சட்டை நழுவித் தெருவில் விழுந்தது.

அலறியது மனைவி.

தரையில் கிடந்தது கணவர்.

அவருக்கு ஊர் வைத்த பெயர், வில்லன். உருவம் பூனை. குரல் புலி! படங்களில் வில்லன்களுக்கு டப்பிங் பேசுகிறவர். திரையில் எந்த முரடன் "தூக்குடா அவனை!" என்று உறுமினாலும், உறுமியது இவர் தொண்டைதான்.

அந்தத் தொண்டையிலிருந்து இப்போது வந்துகொண்டிருந்தது...

ஓட்டை பலூன் சத்தம்!

இடம், அவர் வீட்டில் வைத்திருந்த குரல் பதிவு அறை. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். உள்ளேயிருந்து சத்தம் வெளியே போகாது.

காற்றும்தான்!

மனைவி உள்ளே பாய்ந்தாள். ஜெராக்ஸ் மெஷின் ஓயாமல் ஓடும்போது ஒரு வாடை வருமே... அதையே கூராகச் சீவி மூக்கில் ஏற்றியது போலிருந்தது. இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, உள்ள நிக்காத! வெளிய வா!"

ஓடி வந்தவன் அவள் தம்பி. அவனும் டப்பிங் கலைஞன்தான், அதே வீட்டின் மாடியில் இருப்பவன். அறைக்கு வெளியே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று ஹாலுக்கு இழுத்து வந்தான்.

"அக்கா, எல்லா ஜன்னலையும் திற! நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்!"

ஆம்புலன்ஸ் போன கையோடு, அக்காவும் தம்பியும் பின்னால் கிளம்புவதற்குள், போலீஸ் ஜீப் வந்தது. உபயம், எதிர் வீட்டுப் பெண்.

இறங்கிய இன்ஸ்பெக்டரும் பெண்தான். 'வணக்கம்' சொன்னால்கூட 'எதுக்கு?' என்று யோசிப்பவர். நேராகக் குரல் பதிவு அறையை நோக்கி நடந்தார்.

தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"மேடம், இப்ப உள்ள போகாதீங்க!"

"ஏன்?"

"உள்ள ஓசோன் இருக்கு."

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"யாரு அவன்... உன் கூட்டாளியா?"

"ஐயோ, வாயு மேடம்! நாத்தம் போக்குறதுக்கு ஒரு மெஷின் இருக்கு. அது ஓசோனைக் கக்கும். மாமா ஒரு டயலாக்குக்கு ஒரு சிகரெட் குடிப்பாரு. அறை ஆஷ்ட்ரே மாதிரி நாறுச்சு. அதான் வாங்கினேன்."

"ஓசோன் பூமியையே காப்பாத்துதுன்னு ஸ்கூல்ல படிச்சேனே?"

"அது வானத்துல இருக்கிற வரைக்கும்தான். வீட்டுக்குள்ள வந்தா நுரையீரலைப் புண்ணாக்கிடும். மெஷின் ஓடும்போது அறையில ஆள் இருக்கக் கூடாது. நாய், பூனை, செடி எதுவும் கூடாது. நிறுத்தினப்புறமும் கதவைத் திறந்து, ஃபேன் போட்டு, நல்லாக் காத்து போனப்புறம்தான் நுழையணும். சின்ன அறைன்னா சீக்கிரமே நெறைஞ்சிடும் மேடம்."

இன்ஸ்பெக்டர் அவனை மேலிருந்து கீழ்வரை அளந்தார்.

"எப்படிச் செஞ்சா ஆள் சாவான்னு இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல."

"மேடம்!"

"மெஷின் எப்படி உள்ள வந்துச்சு?"

"தெரியல. நேத்து நாங்க எல்லாரும் வெளிய கிளம்பினப்ப ஓட விட்டேன். திரும்பி வந்து காத்தாட விட்டு, மெஷினைப் பெட்டியில போட்டு அலமாரி மேல வச்சுட்டேன்."

"அப்புறம் அதுவே இறங்கி, நடந்து வந்து, ப்ளக் மாட்டிக்கிச்சாக்கும்!"

மனைவி கண்ணைத் துடைத்தாள்.

"என் தம்பிக்கு அப்படியெல்லாம் புத்தி போகாது மேடம். இன்னிக்கு அவனுக்கு நல்ல நாள். புதுப் படத்துக்குக் குரல் கேக்க ஒரு டைரக்டர் வீட்டுக்கே வர்றாரு. இவன்கிட்டதான் போன்ல பேசினாரு."

"வில்லன் குரலுக்கா?"

"ஆமா மேடம்."

"உன் மாமா பேசுற அதே வில்லன் குரலுக்கு!"

தம்பியைக் காப்பாற்ற வாயைத் திறந்த அக்கா, அவன் கையில் பாதி விலங்கை மாட்டி முடித்திருந்தாள்.

அறை நன்றாகக் காற்றாடும்வரை இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலில் நடந்தார். பிறகுதான் உள்ளே போனார். மூலையில் தொங்கிய கறுப்புத் திரையை விலக்கினார்.

திரைக்குப் பின்னால் மெஷின். அதன் விளக்கு தெரியாதபடி மேலே ஒரு பச்சை டவல்.

மறந்து வைத்தது அல்ல. ஒளித்து வைத்தது!

இன்ஸ்பெக்டர் திரையைப் பழையபடி இழுத்துவிட்டு வெளியே வந்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க மாமா என்ன சொல்றாருன்னு கேப்போம்."

*

"நுரையீரல் வீங்கியிருக்கு. உயிருக்குப் பயமில்ல" என்றார் டாக்டர். "ஆனா கண்காணிப்பிலதான் இருக்கணும். ஓசோன் பாதிப்பு தாமதமாக்கூட அதிகமாகும். அம்மா, நீங்களும் உள்ள போனீங்கல்ல? உங்களையும் பாத்துடறேன்."

படுக்கையில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார் வில்லன். மைத்துனனைக் கண்டதும் விரல் நீண்டது.

"இவன்தான்... இவன்தான் மேடம்!"

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமா! நானா?"

"அமைதி!" இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க மெஷினைப் பாத்தீங்களா சார்?"

"இல்ல... மெஷின் உள்ள இருக்கிறதே எனக்குத் தெரியாது. பேசிப் பாக்கலாம்னு போனேன். மூச்சு அடைச்சுது. விழுந்துட்டேன். என் இடத்தைப் பிடிக்க இந்தப் பாவி... டவலைப் போட்டு மூடி வச்சுக் கொல்லப் பாத்திருக்கான்!"



"டவலா?" இன்ஸ்பெக்டரின் குரலில் தேன் சொட்டியது. "என்ன கலர் சார்?"

"பச்..."

வில்லனின் வாய் பாதியில் நின்றது.

"டவலைப் பத்தி நான் இன்னும் யார்கிட்டயும் மூச்சு விடலையே! நீங்க பாக்காத மெஷின் மேல, என்ன துணி, என்ன நிறம்னு... பலே!"

மனைவி மெதுவாகக் கட்டில் ஓரம் வந்தாள்.

"என்னங்க... நீங்களா?"

புலிக்குரல் பூனையானது.

"கொல்ல இல்லடி! சத்தியமா கொல்ல இல்ல! இவன் அரை மணி நேரம் உள்ள நின்னு பேசிப் பழகினா தொண்டை கட்டிக்கும்... டைரக்டர் முன்னாடி இருமித் தொலைப்பான்னுதான்..."

"அது அவன் தொண்டையோட நிக்கும், நுரையீரலுக்குப் போகாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க!" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, அவனுக்கு விரிச்ச வலையில நீங்க எதுக்கு சார் போய்ப் படுத்தீங்க?"

வில்லன் சுவரைப் பார்த்தபடி முனகினார்.

"மொதல்ல வாடை வந்துச்சு. அப்புறம் வரல. மெஷின் நின்னுபோச்சுன்னு நெனச்சேன். குமிழைத் திருகி அதிகமாக்கினேன். அப்பவும் வரல. கதவைச் சாத்திட்டு... உக்காந்து... மோந்து பாத்துட்டே இருந்தேன்."

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மெஷின் நிக்கல சார். மூக்குதான் நின்னுபோச்சு! அந்த வாடை கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடும். வாடை இல்லைன்னா வாயு இல்லைன்னு அர்த்தமில்ல."

தம்பி கட்டில் பக்கம் வந்தான்.  

"டைரக்டர் வர்றது எனக்காக இல்ல மாமா."

"என்ன?"

"மொதல்ல என்னைத்தான் கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். எங்க மாமா பேசினாத்தான் அந்த வில்லனுக்கு உயிர் வரும், வீட்டுக்கு வந்து ஒரு தடவை கேளுங்கன்னு கெஞ்சினேன். டைரக்டருக்கு சிகரெட் நாத்தம் ஆகாது. அதான் மெஷினே வாங்கினேன். அவர் வந்து நிக்கும்போது சொன்னா அசந்துபோவீங்கன்னு... அக்காகிட்டகூடச் சொல்லல."

வில்லனின் கண்ணிலிருந்து நீர் வழிந்து ஆக்சிஜன் குழாயில் இறங்கியது. எத்தனையோ படங்களில் ஈவு இரக்கமில்லாமல் சிரித்த தொண்டைக்கு, 'மன்னிச்சுடுடா' என்ற ஒரு வார்த்தை வரவில்லை. காற்றுதான் வந்தது.

"இவர் குரல் திரும்ப வருமா டாக்டர்?" என்று தம்பிதான் கேட்டான்.

"வரும். மாசக் கணக்காகும். சிகரெட்டை விட்டா."

"விடுவாரு!" மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அந்த மெஷின் இனி வீட்டுப் படி ஏறாது. ஸ்பாஞ்சைப் பிய்ச்சுட்டு அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைக்கிறேன். உறுமல் தெருவுக்கே கேட்டாலும் கேக்கட்டும்!"

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

வில்லன் கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டார்.

"மேடம்... என்மேல கேஸ் உண்டா?"

"கண்டிப்பா உண்டு. எழுதத்தான் யோசிக்கிறேன்... மூக்கு டியூட்டியில தூங்கிடுச்சு, சரி. மூளை எப்ப லீவு போட்டுச்சு சார்?"