நிரப்பாமல் விட்ட இடம்

கணினியில் நிரல் எழுதும் எடிட்டரின் பட்டியலில் நாற்பத்திரண்டு துணுக்குகள் இருந்தன. அவள் எழுதிச் சேமித்தவை நாற்பத்தொன்றுதான்.

அடிக்கடி தேவைப்படும் நிரல் வரிகளுக்குக் குறும்பெயர் சூட்டி வைப்பது அவள் வழக்கம். பெயரை அடித்து டேப் விசையைத் தட்டினால் வரிகள் மொத்தமும் விரியும். மேலும் தட்டினால், எழுதி நிரப்ப வேண்டிய வெற்றிடங்களுக்குக் கர்சர், அந்தச் சிமிட்டும் கோடு, ஒவ்வொன்றாகத் தாவும். பத்து வருடப் பழக்கத்தில் அவள் விரல்கள் அவற்றைப் படிக்காமலே தாண்டக் கற்றிருந்தன.

புதியதன் பெயர் ‘வீடு’.

அடுத்த அறையில் ஐந்து வயது மகள் சுவரில் பந்தடிக்கும் சத்தம், மின்விசிறியின் முனகல், சமையலறையில் கணவன் வேண்டுமென்றே தடாலென வைக்கும் பாத்திரங்களின் ஓசை. எல்லாவற்றுக்கும் அடியில், கருகிய கம்பியின் நாற்றம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

“எனக்குப் பதிலா அந்தப் பொட்டியையே உனக்குக் கட்டி வச்சிருக்கலாம்!”

“அது பாத்திரத்தை உருட்டாது,” என்றாள். வீடு என்று அடித்து டேப்பைத் தட்டினாள்.

அப்பா: சமையலறை
அம்மா: மேசை
பாப்பா இருக்கும் இடம்:
பாப்பாவின் முகம்:

கண் படிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. டேப். டேப்.

பந்துச் சத்தம் நின்றது.

ஓடினாள். அடுத்த அறையில் கட்டில் இல்லை. பொம்மைகள் இல்லை. சுவரில் பந்தின் அழுக்குத் தடம்கூட இல்லை.

“பாப்பா எங்கங்க?”

கணவன் கையைத் துடைத்தபடி வந்தான். “எந்தப் பாப்பா?”

“விளையாடாதீங்க!”

“நமக்கு ஏதுடி பாப்பா?”

கேலி செய்யும்போது அவனுடைய இடப்புருவம் ஏறும். ஏறவில்லை.

மேசைக்குத் திரும்பினாள். வரிகளை அழித்தாள்; அழியவில்லை. செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையைக் கொடுத்தாள், எடிட்டர் ஏற்கவில்லை. மூன்றாம் வரியில் மட்டும் கர்சர் நின்றது. அடித்தாள்: என் பக்கத்தில்.

பாழாய்ப்போன விரல். டேப். டேப்.

வரிகள் இறுகின. கர்சர் திரையிலிருந்து மறைந்தது.

முழங்கையில் ஒரு சின்னக் கை பட்டது. வெதுவெதுப்பான கை.

“வந்துட்டியா, என் கண்ணு!”

மூச்சுச் சத்தமே இல்லை.

திரும்பினாள். அதே மஞ்சள் சட்டை. அதே கலைந்த முடி. நெற்றிக்குக் கீழே முகவாய் வரை, இழுத்துப் போர்த்தியதுபோல் வழவழப்பான தோல். அதன் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, நிமிர்ந்து நின்று, தோன்றித் தோன்றி மறைந்தது.