குறி வைக்காத வரி

கணினிப் பட்டியலில் பெர்சிஸ் குறி வைத்தது ஆமத்தூர் வெடி விபத்தில் இறந்தவர்களின் பெயர் வரிகளுக்கு மட்டும்தான். ஆனால் பைப்லைனின் மறுமுனையில் ஒரு வரி கூடுதலாக வந்திருந்தது. மாரிசாமி, விஸ்வநத்தம்.

பட்டாசுத் தொழிலாளர்களின் காப்பீட்டுக் கணக்கை மெயின்ஃபிரேம் கணினியில் கவனிக்கும் சின்ன அலுவலகம் அது, சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில். இறந்தவர்களின் வரிகளை எடிட்டர் திரையில் குறி வைத்து, பைப்லைன் என்னும் நிரல் வரிசைக்குள் விட்டால், ஒவ்வொன்றிலும் 'முடிந்தது' என்று பொறித்து அது வெளியே தள்ளும். புரட்டாசிப் புழுக்கமும், கீழேயிருந்து ஏறிவரும் மையின் நெடியும், அச்சு எந்திரம் தாள்களை விழுங்கும் ஓயாத தடதடப்புமாகச் சேர்ந்து யாரோ பிடரியில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. எடிட்டரில் மாரிசாமியைத் தேடினாள். அவர் வரியில் குறியே இல்லை.

பக்கத்து மேசை பாண்டிராஜ் செல்போனோடு எழுந்தான்.

"யக்கா, விஸ்வநத்தத்துல ஒரு ரூமு வெடிச்சுருச்சாம். மருந்து கலக்குற மாரிசாமி போயிட்டாராம். இப்பத்தான். எங்க சித்தி அங்கனதான் வேல பாக்காக."

அவன் படியில் தடதடவென்று இறங்கி ஓடினான்.

இப்பத்தான். ஆனால் வரி அதற்கு முன்பே வந்துவிட்டது.

திரையில், யாரும் தொடாமலே, இன்னொரு வரியில் குறி விழுந்தது. தேவாசீர்வாதம், பட்டாசுக் கம்பெனி போர்மேன். அவள் கணவர்.

குறியை எடுத்தாள். திரும்ப விழுந்தது. வரியையே அழித்தாள். அடுத்த வரி அவர் பெயராக மாறியது. ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

செல்போனை எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீக? இப்பவே வெளிய வாங்க!"

"லோடு ஏறுது புள்ள. என்னாச்சு?"

"ஏசப்பா பேரால கேக்கேன். ஒண்ணும் கேக்காதீக. ஓடியாங்க!"

"சரி சரி, அழுவாத. போன வைக்காத. வாரேன்."

செருப்புச் சத்தம் காதில் கேட்டது. அவர் மூச்சிரைப்பு. 'கர்த்தாவே, கர்த்தாவே' என்று முணுமுணுத்தாள். திரையில் அந்த வரி மெல்ல நகர்ந்து பைப்லைனுக்குள் போனது.

காதுக்குள் ஒரு வெடி. பத்துப் பதினைந்து நொடி கழித்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிறகு, மாடிப்படியில் காலடி.

கதவைத் தள்ளிக்கொண்டு தேவாசீர்வாதம் உள்ளே வந்தார். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. பெர்சிஸ் விம்மிக்கொண்டு பாய்ந்தாள். பாதியில் நின்றாள். அவர் வேலை பார்க்கும் கம்பெனி இங்கிருந்து மூன்று மைல்.

"பெர்சிஸ்..." காதில் இன்னும் செல்போன். அவர் குரல். "கதவு கொதிக்குது. தொறக்க மாட்டேங்கு. நீ இருக்கியா புள்ள?"

எதிரே நின்றவரின் உதடு அசையவில்லை. கைகளை மட்டும் அவளை நோக்கி நீட்டினார்.

மெல்ல வாயைத் திறந்தார். பல் இல்லை. நாக்கு இல்லை. தொண்டைவரை, சத்தமே இல்லாமல், பச்சை நிறத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது.