தறி நின்ற பின்னும்

சத்தியமாக, இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. எல்லாம் கோவர்த்தனன் தன் வாயாலேயே சொன்னவை.

ஆந்திர எல்லையோர நகரியில் அன்று மத்தியானம் கரண்ட் போய், தெரு முழுக்க விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சடங்கி, கஞ்சிப்பசையும் சூடேறிய எண்ணெயும் மட்டும் நாறிக்கொண்டிருந்த அமைதியில், ஒரு தறி மட்டும் டக், டக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லாமல் ஓடுகிற அந்த அதிசயத் தறி யாருடையது என்று கோவர்த்தனன் நாலு வீடு எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். எங்கே போனாலும் சத்தம் அதே தூரத்தில் இருந்தது. காதுக்குக் கீழே. இடது தாடைக்குள்.

வாய்ப் புற்றுக்கு அந்தப் பக்கம் ரேடியேஷன் கொடுத்து மூன்று வருஷம். அதே பக்கம் கடைவாய்ப்பல் பிடுங்கி மூன்று மாதம். பல் போன குழி இன்னும் மூடவில்லை. விரலை விட்டுத் தடவினான். ஈறு இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்து, சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. விரலை முகர்ந்தால் செத்த எலி வாடை.

பீரோவிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தான். எல்லாம் தெலுங்கு எழுத்து. தெலுங்கு பேசுவானே தவிர அவனுக்குப் படிக்கத் தெரியாது. அப்போது அதைப் படித்துச் சொன்னவள் மனைவி தேவயானி. கடைசித் தாளில் ஒரு வரியின் கீழே கண்மைப் பென்சிலால் கோடு.

"இன்னா எழுதிக்கீது, படி."

அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். "எங்கள கேக்காம இந்தப் பக்கம் பல்லு புடுங்கக் கூடாது. எலும்பு ஆறாது."

"கோடு?"

"நான் போட்டதுதான். மூணு வருசம் ஆச்சே, சூடு தணிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினேன்."

"புத்தூர்ல பல் டாக்டர் கேட்டாரே, முன்ன எதுனா வைத்தியம் ஆச்சான்னு. ஒண்ணுமில்லன்னியே."

"சொன்னா திருப்பதிக்குப் போன்னுவாரு. அந்த ஆஸ்பத்திரி பேர எடுத்தாலே நீ போத்திக்கினு படுத்துக்குவியே."

"உன்ன நம்பித்தான்மே வாயத் தொறந்தேன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டக். டக்.

பிணத்துக்குக் கட்டுவதுபோல் துண்டால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினான். நிற்கவில்லை. பல்லைக் கடித்தான். நிற்கவில்லை. பீரோ கண்ணாடியைப் பார்த்தான்.

துண்டு நெகிழ்ந்தது. உதடு பிரிந்தது. அவன் பேசவில்லை. தாடை மட்டும் இறங்கியது. ஏறியது. குழிக்குள் வெள்ளையாக எலும்பு.

கோடு போட்ட அந்த வரியைத் தாடை தெலுங்கில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. முடித்தது. மறுபடி முதலிலிருந்து.

அந்தத் தாடையைத் திருப்பதியில் முழுசாக அறுத்தெடுத்தது தை மாதம். கோவர்த்தனன் இதையெல்லாம் சொன்னது அதற்கு மூன்று மாதம் கழித்து, சித்திரையில்.