எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

காலை 6.10. குளியலறைக் கதவை உடைத்தபோது பேருந்து ஓட்டுநர் உள்ளே சுருண்டு கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. பெருங்குடலில் புற்றுக்கட்டி, குடல் வெடித்துவிட்டது என்றது பிரேதப் பரிசோதனை. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க அவருக்குக் கொடுத்திருந்த தேதி அடுத்த வாரம்தான்.

மனைவி அழவில்லை. இன்ஸ்பெக்டரான தன் தங்கையை வரவழைத்து எதிரே உட்கார வைத்தாள்.

"அந்த டாக்டர் நாலு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கான். என்ன பண்ணுதுன்னுகூட கேட்டிருக்க மாட்டான். அவனை உள்ள தள்ளணும்."

"டெஸ்ட் எடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சுக்கா?"

"அவருக்குத்தான். தலைவலி மாத்திரைகூட போடாத மனுஷன், திடீர்னு அந்த டெஸ்ட் நம்ம இன்ஷூரன்ஸ்ல வருமான்னு கேட்டாரு. நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு முழுசா ஃப்ரீ, போங்கன்னு அனுப்பி வெச்சேன்."

அக்கா மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் கவுன்டரில் இருப்பவள். பாலிசியில் எது வரும், எது வராது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

மறுநாள் காலை 11.00. டாக்டர் அறை.

"கேட்டேன் மேடம். ரத்தம் போகுதா, எடை குறைஞ்சிருக்கா, வயிறு வலிக்குதா... எல்லாத்துக்கும் இல்லைதான். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இல்லைன்னுட்டாரு. தொந்தரவு இல்லாதவங்களுக்கு வரிசைப்படிதான் தேதி."

"ரத்தம் போகுதுன்னு சொல்லியிருந்தா?"

"அந்த வாரமே பார்த்திருப்பேன். காப்பாத்தியிருக்கலாம்."

நன்றாகத்தான் பழியிலிருந்து நழுவுகிறார் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தாள். நேரே பேருந்துப் பணிமனைக்குப் போனாள்.

"அண்ணன் சீட்டுல எப்பவும் வெள்ளைத் துண்டுதான் விரிப்பாரு. புது மாப்பிள்ளைன்னு கிண்டல் பண்ணுவோம்" என்றார் நடத்துநர். "ஆறு மாசமா மெரூன் துண்டு. கேட்டா அழுக்கு தெரியாதும்பாரு. ட்ரிப் முடிஞ்சதும் அவரே குழாயடியில அலசிடுவாரு. வீட்டுக்கே கொண்டு போக மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி, அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"டாக்டர் மேல தப்பில்லைக்கா. மாமாவுக்கு ஆறு மாசமா ரத்தம் போயிருக்கு. அவருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சதாலதான் டெஸ்ட் எடுக்கணும்னு அவரே கேட்டிருக்காரு. மறைக்கணும்னு நினைக்கிறவர் டாக்டர்கிட்ட ஏன் போகணும்? போனவர் ஏன் மறைக்கணும்? கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்திருக்கு. என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு யாரோ முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்க. அது வேற யாரும் இல்ல. நீதான்க்கா."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னேன். ஒண்ணுமில்லாதவங்க முன்கூட்டிப் பார்த்துக்கிட்டாத்தான் ஃப்ரீ. தொந்தரவு இருக்குன்னு டாக்டர் எழுதிட்டா அது வைத்தியக் கணக்குல போயிடும், கைக்காசு போடணும். எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடுங்கன்னேன். எங்க கவுன்டர்ல எல்லாரும் வீட்டு ஆளுங்களுக்கு இதைத்தான் சொல்வோம். அவருக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னுதான் நினைச்சேன்."

"உன்கிட்ட சொன்னா, பணம் கட்டியாவது பார்க்கணும்னு நீ நிப்பேன்னு நினைச்சிருப்பாரு."

"ம்."

"டாக்டர் மேல கேஸ் நிக்காது. உன் மேல போடவும் சட்டத்துல இடமில்ல."

இருவருக்கும் அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உண்மையைச் சொல்லியிருந்தா எவ்வளவு கட்ட வேண்டியிருந்திருக்கும்?" கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தங்கைக்கு உறைத்தது.

அக்கா யோசிக்கவே இல்லை.

"பில்லுல இருபது சதவீதம் நம்ம பங்கு. மொத்தமா முடியலேன்னா தவணையிலயும் கட்டலாம்" என்றாள், கவுன்டர் முன்னால் வந்து நிற்கிறவர்களுக்குச் சொல்லும் அதே குரலில்.